தேய்மானம்

"மறைக்காம சொல்லுப்பா தௌசீஃப், என்ஜின் எவ்வளவு தேஞ்சிருக்கு?" என்று கேட்டாள் ஹம்சா.

அவள் விடாமல் வற்புறுத்தியதால், அவள் கணவர் குருபிரசாத்தின் இருபத்தைந்து வருஷ ஸ்கூட்டரை அந்த ராஜா அண்ணாமலைபுரத்து மெக்கானிக் பிரித்துப் போட்டிருந்தான்.

"இன்னாத்துக்கு மாமி இவ்ளோ டென்ஷன்?"

"எங்காத்துக்காரர் விலை ஒசந்த ஆயில்தான் போடணும்பார். நாலு வருஷமா அவருக்குத் தெரியாம, பேரே கேள்விப்படாத கம்பெனி ஆயிலா வாங்கிண்டு வந்து உன்கிட்ட குடுத்துண்டிருக்கேன்."

தௌசீஃப் சிரித்தான்.

"பயப்படாதீங்க மாமி. பேர்ல ஒண்ணும் இல்ல. வண்டிக்கு ஏத்த கிரேடுதான் வாங்கினீங்க. நாள் தவறாம மாத்திக்கினும் வந்தீங்க. என்ஜின் புதுசு மாதிரி கீது. இன்னும் பத்து வருஷம் ஓடும்."

ஹம்சா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பத்து வருஷமா?"

"நான் கேரண்டி, மாமி."

"தினம் இதை ஓட்டறவ நான்தானே? கிக்கரை உதைச்சு உதைச்சு என் முழங்கால்தான்டா தேஞ்சுபோச்சு. இந்த என்ஜின் தேஞ்சாத்தான் செல்ஃப் ஸ்டார்ட் வண்டி வாங்குவேன்னு பிடிவாதமா இருக்கார் மனுஷன். அதுக்குத்தானே கடை கடையா ஏறி இறங்கி, இருக்கறதுலயே மட்டமான ஆயிலா பார்த்து வாங்கினேன்."

ஹம்சா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போறது. ஆயிலை மாத்தாமலே விட்டா எத்தனை நாள்ல தேயும்?"