குரூப்பில் ஒரு சக்கர நாற்காலி

"இதுக்கு என்ன அர்த்தம்?"

தம்பி மனைவி போனை எடுத்ததும் எடுக்காததுமாகக் கேட்டாள் அக்கா.

"எதுக்கு அண்ணி?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதே. புது வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட வாங்கன்னு ஃபேமிலி குரூப்ல போட்டேன். ஆளாளுக்குப் பூ, இதயம்னு போடறாங்க. உன் நம்பர்லேருந்து மட்டும் சக்கர நாற்காலி எமோஜி!"

"அண்ணி, அது வந்து..."

"ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்லைன்னு குத்திக் காட்டறியா? நல்லது சொல்லும்போது எதுக்கு இந்த இடக்கு? கட்டின புருஷனையே ஊருக்குக் காட்டிப் பரிதாபம் தேடறியே, வெக்கமா இல்ல?"

போன் கை மாறியது.

"அவளைத் திட்டாதேக்கா. என் போன் ரிப்பேர். அவ போன்லேருந்து போட்டது நான்தான்."

தம்பி சிரித்தான். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியோடு சரி என்று ஆகிவிட்டவன். சிரிப்பு மட்டும் குறையவே இல்லை.

"நீயா? ஏண்டா?"

"வர்றவங்க ஒரு எமோஜி போடுங்கன்னு நீதானே எழுதியிருந்தே? தேடினேன். என்னை மாதிரியே ஒருத்தன் இருந்தான். நல்லாப் பாரு, அவன் சும்மா உட்கார்ந்திருக்கலை. ரெண்டு கையாலயும் சக்கரத்தைத் தள்ளிக்கிட்டுக் கிளம்பிட்டான். நாங்க வர்றோம்னு அர்த்தம்."

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"படி ஏறணுமேடா..."

"பக்கத்து வீட்டுப் பசங்க ரெண்டு பேர் நாற்காலியோட தூக்கிக் கொண்டுவந்து விட்டுடறேன்னுட்டாங்க. எங்க அக்கா சொந்தமா வீடு வாங்கியிருக்கா, பார்க்காம இருப்பேனா?"

அதற்குள், வெளியே போயிருந்த அக்காவின் கணவர் உள்ளே வந்தார். வந்த வேகத்தில் உரக்கச் சொன்னார்:

"சாப்பாட்டுக்குச் சொல்லிட்டேன். உன் தம்பி எங்கே மாடி ஏறப்போறான், வரமாட்டான்னியே, அவங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுத்தான் சொல்லியிருக்கேன்."

அவள் சட்டென்று போனைப் பொத்தினாள். பொத்தி என்ன பண்ண? மறுமுனையில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

காதில் வைக்கவும் முடியவில்லை, கட் பண்ணவும் கை வரவில்லை.

பொத்திய விரல்களை மீறித் தம்பியின் குரல் வந்தது.

"அக்கா... நாங்க சாப்பிட்டுட்டே வந்துடறோம்."