கறுப்புக் கோட்டு

"ஊதுறதை நிறுத்தாத பூங்காவனம். நாளைக்குள்ள இது காயலைன்னா என்னப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க."

வீரசாமி அடுப்பின் பக்கம் கையை நீட்டினான். விரல்களுக்கு நடுவே நனைந்த அப்பளம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது அவனுடைய போலீஸ் சீட்டு.

அவன் மனைவி பூங்காவனம் மறுபடி குனிந்து ஊதினாள். விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. இந்தத் தீவின் சேன் பியேர் ஊரில் ஆடி பிறந்தால் இந்த வயிற்றெரிச்சல்தான். தூறல் கொட்டித் தீர்க்கவும் செய்யாது, விட்டுத் தொலையவும் செய்யாது. எட்டு நாளாகத் துணியெல்லாம் வீட்டுக்குள் கொடியிலேயே கிடந்து நாறியது. ஈரச் சேலையை விலக்கிக்கொண்டுதான் அடுப்புக்கே போக வேண்டியிருந்தது.

தப்பு அவள் மேல்தான். காலையில் வெயில் லேசாகத் தலைகாட்டியதும், ஆசையாக அவன் கறுப்புக் கோட்டையும் சேர்த்து ஊறப்போட்டுவிட்டாள். அந்தக் கோட்டை அவன் யாரையும் தொட விடமாட்டான். தானே துவைப்பான், தானே காயவைப்பான். ஆம்பிளைக்கு இதென்ன வேலை என்று அவள் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள். உள்பையில் சீட்டு இருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

கூலி ஒப்பந்தம் முடிந்தவர்கள் படம் ஒட்டிய இந்தச் சீட்டு இல்லாமல் தோட்டத்து எல்லையைத் தாண்டினால் ஊர்சுற்றி என்று பிடித்துப் போய்விடுவார்கள். நாளைக்குச் சோதனை என்று தோட்டத்துக் கங்காணி சர்தார் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அவன் ஜெயிலுக்குப் போய்விட்டால் அண்ணனை யார் தேடுவது? அதை நினைத்ததும் பூங்காவனம் இன்னும் வேகமாக ஊதினாள்.

அண்ணன் மருதை அவளுக்கு முன்பே இந்தத் தீவுக்கு வந்தவன். ஒரு தகவலும் இல்லாமல் போகவே, அவனைத் தேடித்தான் அவளும் கப்பலேறினாள். கேட்டவர்கள் எல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். வீரசாமி ஒருவன்தான் நான் தேடித் தருகிறேன் என்று முன்வந்தான். அந்தக் குணத்துக்காகவே அவனுக்குக் கழுத்தை நீட்டினாள். ஐந்து வருஷமாக ஞாயிறு தவறாமல், இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு, குட்லண்ட்ஸ் தோட்டம் வரைக்கும் நடந்து அலைந்துவிட்டு வருவான்.

"அங்கயும் இல்ல புள்ள" என்பான். அவள் அழுதால் கூடவே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வான். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான்?

புகையில் இருமியபடி வீரசாமி எழுந்தான். அடுப்பில் கவிழ்த்த சட்டியின் மேல் சீட்டைப் பரப்பி வைத்தான். பக்கத்து லயத்துக் கோவிந்தம்மா வீட்டில் கரி இருக்கும், வாங்கி வருகிறேன் என்றான். வாசலில் நின்று திரும்பினான்.

"படத்துல மட்டும் கை வச்சிராத."

அவன் போன பிறகுதான் விறகு பற்றியது. சட்டி சூடேறியது. சீட்டு மெல்ல வெளுத்துக் காய்வதைப் பார்த்து அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் வந்த வேகத்திலேயே போனது. படத்தின் ஒரு மூலை சுருண்டு மேலே எழும்பியது.

படம் இல்லாத சீட்டை எந்தப் போலீஸ் ஒத்துக்கொள்வான்? அவன் சொல்லிவிட்டுப் போனது நினைவில்தான் இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் கேட்கவில்லை. துணிக்குப் போட எடுத்துவைத்திருந்த கஞ்சியை விரலில் தொட்டுக்கொண்டாள். கீழே தடவி ஒட்டிவிடலாம் என்று அந்த மூலையை மெல்லத் தூக்கினாள். படம் முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

"காஞ்சிருச்சா?" என்றான் வீரசாமி.

பூங்காவனம் சீட்டையே பார்த்தாள். கையோடு வந்துவிட்ட கணவன் படம் இருந்த இடத்தில், சீட்டோடு சேர்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது இன்னொரு படம். அது அவள் அண்ணன் மருதை.