ஏழு மேடும் ஒரு நேர்கோடும்

"ஏழு மேடு! எண்ணிப் பாருங்க, ஏழு!"

மேனேஜர் காகிதத்தை மேஜையில் அடித்தார். எதிரே கண்ணாடிக்கார டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவர் ஓட்டுவது தடுப்பூசியும் இன்சுலினும் ஏற்றிப்போகிற குளிர்சாதன வண்டி. உள்ளே கைக்கடக்கமாக ஒரு கருவி இருக்கும். வழிநெடுக எத்தனை டிகிரி என்று குறித்துக்கொண்டே வரும். அதைத்தான் கோடாக வரைந்து வாடிக்கையாளருக்கு அனுப்புவார்கள்.

"இன்னொரு வண்டி ஓட்டுற மீசைக்காரர் கோட்டைப் பாருங்க. ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி நாலு டிகிரியிலயே நிக்குது. அவருக்கும் அதே ஏழு கடைதானே?"

"ஏழு கடைன்னா ஏழு தடவ கதவத் திறக்கணுமே சார். திறந்தா கொஞ்சம் ஏறும், மூடினா இறங்கிடும். மருந்துக்கு எல்லையான எட்டு டிகிரியத் தாண்டினதே இல்ல."

"சாக்குப்போக்கு வேண்டாம். நாளையிலேர்ந்து வேலைக்கு வராதீங்க."

பதினெட்டு வருஷ வேலை. மனிதர் வெளியே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

அறையில் நின்றிருந்த, மருந்தின் தரம் பார்க்கிற பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான். சும்மா இருக்கத் தெரியாதவள்.

"மீசைக்கார அண்ணன் மட்டும் கதவைத் திறக்காம எப்படி சார் மருந்த இறக்குறாரு?"

"அது அவரோட கைப்பக்குவம்மா. நீ போய் உன் வேலையப் பாரு."

அந்தக் கைப்பக்குவத்தை அவரிடமே கேட்டுவிடலாம் என்று ஓடினாள். மருந்து ஏற்றிய அவர் வண்டி அதற்குள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

மேனேஜர் போனில் இருந்தார். பெரிய வாடிக்கையாளர் போலிருக்கிறது, குரலில் தேன் வழிந்தது.

"எங்க கோட்ட நீங்களே பாத்திருப்பீங்களே சார்..."

நடுவில் இவளைப் பார்த்து, "ஏம்மா இப்படி இரைக்குது? பிரிட்ஜ்ல தண்ணி இருக்கு, எடுத்துக் குடி" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் திறந்துவிட்டாள்.

மேனேஜரின் டிபன் கேரியரை ஒட்டி அந்தக் கருவி படுத்திருந்தது. மேலே மீசைக்காரர் வண்டியின் நம்பர். நாலு டிகிரி காட்டிக்கொண்டிருந்தது.

போன் இன்னும் மேனேஜர் காதில்தான் இருந்தது. அவள் வராந்தாவைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணே, ஓடி வாங்க! மீசைக்கார அண்ணனோட நேர்கோடு வண்டியில ஏறவே இல்ல, சாரோட சாப்பாட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு!"