கழற்றிய தாள்

“கசியிறது என்ர வேலைதான் அக்கா, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நான் கையெழுத்து வைச்சது கட்டின கொம்பனிக்கு. உங்களுக்கில்லை.”

கமலினியின் மகள் வினுஷாவின் அறைச் சுவரை விரலால் அமுக்கிப் பார்த்தபடி அருந்தவன் சொன்னான். டண்டினோங் நகரில் இந்த மாடிக் கட்டடம் எழும்பியபோது, குளியலறைகளுக்குத் தண்ணீர் கசியாத பூச்சுப் போட்டவன் அவன். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. இந்தப் பக்கம் கறுப்பாகப் பூஞ்சணம். பிள்ளைக்கு மூச்சு இழுக்கும் தொய்வு வந்து, இப்போது ஹோலில் படுக்கிறாள்.

கட்டின கொம்பனி போன வருடம் இழுத்து மூடிவிட்டது. கேட்பதற்கு இவனை விட்டால் ஆளில்லை.

கமலினியின் புருசன் சுஜீதன் அறை வாசலில் நின்றான். அந்தக் கொம்பனியின் ஒப்பந்தப் பிரிவில் வேலை பார்த்தவன் அவன். அருந்தவனை ஒரே ஒரு தடவைதான் நேரில் கண்டிருக்கிறான். அவனுக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை போலிருந்தது. அந்த மட்டில் நிம்மதி.

கமலினி விடவில்லை. வீடு வாங்குகிற சனத்துக்கு ஒரு பாதுகாப்பும் இல்லையா என்று கேட்டாள். இருந்தது என்றான் அருந்தவன். பிழை வந்தால் வாங்கினவருக்கும் நானே நேரடிப் பொறுப்பு என்று ஒரு தாள் ஒப்பந்தத்தோடு வந்ததாம். அவன் கையெழுத்து வைக்கத் தயாராம். மற்ற வேலைக்காரர் முரண்டுபிடித்தார்கள், கட்டடம் பிந்தப் போகிறது என்று ஒப்பீசில் ஒருவர் அந்தத் தாளை எல்லோருடைய ஒப்பந்தத்திலிருந்தும் கழற்றிவிட்டாராம்.

“இப்ப கோயிலுக்குப் போனாலும் சனம் என்னைத்தான் கள்ளன் மாதிரிப் பாக்குது.”

“ஆர் தம்பி அதைக் கழட்டினது?”

அருந்தவன் சுவரையே பார்த்தான். “ஆரோ ஒராள்.”

கமலினி புருசன் பக்கம் திரும்பினாள். “நீங்களும் அங்கதானே வேலை செய்தனீங்கள். உங்களுக்குத் தெரியாதோ?”

தாளைக் கழற்றியவன் சுஜீதன்தான். மனேஜர் சொல்லித்தான் செய்தான், அது உண்மை. மனேஜர் சொல்லி முடிக்க முன்னரே கழற்றிவிட்டான், அதுவும் உண்மை. பிறகு வெட்கமில்லாமல் அதே கட்டடத்தில் வீடும் வாங்கினான்.

“நூறு பேர் வேலை செய்த இடம். எனக்கெப்பிடித் தெரியும்?”

கமலினி இன்னும் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுஜீதன் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தான்.

“சரியக்கா, போட்டு வாறன்” என்று அருந்தவன் வெளியே போனான்.

லிஃப்ட் மூடிய சத்தம் கேட்டபிறகுதான் சுஜீதன் வாய் திறந்தான். “விடும். சட்டப்படி அவனுக்கு ஒரு கடமையும் இல்லை. வேற ஆளைப் பாப்பம்.”

“கழட்டினது ஆரெண்டு நேற்றே போனில சொல்லிப்போட்டான்” என்றாள் கமலினி. “‘அந்தாள் என்ர முகத்துக்கு நேர ஒருக்கா ஒத்துக்கொண்டாப் போதும், சும்மாவே திருத்தித் தாறன்’ எண்டு சொல்லித்தான் இண்டைக்கு வந்தவன்.”