பிஸ்கட் டப்பாவில் விழுந்த கை

அறுபதாம் கல்யாணத்தன்று, சபை நடுவே ஸ்டுடியோக்காரன் "கைய ஆட்டாதீங்க சார்" என்று நாலு தடவை அதட்டிய பிறகு, வைத்திலிங்கம் படமெடுக்க உட்காரவே இல்லை. முப்பது வருஷம் கூட்ஸ் வண்டியில் கார்டாக நின்று பச்சைக்கொடி காட்டிய வலது கை அது. இப்போது தானாக நடுங்கும். அதனால் எந்நேரமும் துண்டுக்கடியில் ஒளிந்திருக்கும். ஒரு படமாவது வேண்டுமென்று மனைவி அடம்பிடித்து, படமெடுக்கும் நிலோஃபரிடம் அழைத்து வந்தாள். நிலோஃபரிடமோ கேமராவே இல்லை. ஊசியால் துளையிட்ட பிஸ்கட் டப்பாதான் இருந்தது; துளை வழியே புகும் வெளிச்சம் உள்ளே ஒட்டிய தாளில் மெல்ல மெல்லப் படமாக விழும்.

"இருபது நிமிஷம் உக்காரணும் சார். அந்தக் கைய வெளிய எடுங்க."

"அது ஆடும்மா."

"ஆடட்டும். எனக்கு அதுதான் வேணும்."

கையைத் தயங்கித் தூக்கினார். துளையை மூடியிருந்த டேப்பை அவள் உரித்தாள். அடக்க அடக்கக் கை அதிகமாக ஆடியது. கடைசியில், போகட்டுமென்று விட்டுவிட்டார்.

மறுநாள் படம் தயாராக இருந்தது. முகமும் மூக்குக்கண்ணாடியும் சட்டைப் பொத்தான்களும் கல்லில் செதுக்கியதுபோல இருந்தன. கை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், காற்றில் விரிந்த துணிபோல ஒரு வெளிச்சம். படத்தை வாங்க அவர் நீட்டியது வலது கையை. தாள் நடுங்க நடுங்க, உள்ளே அந்தத் துணி படபடத்தது.

"இந்த டப்பாவுக்குக் கறுப்பு வெள்ளைதான் தெரியும் சார்" என்றாள் நிலோஃபர், தயக்கத்துடன்.

"யாரு சொன்னா?" என்றார் வைத்திலிங்கம், கண்ணை எடுக்காமல். "பச்சைம்மா இது."