பூனை கண்ணைப் பொத்தியது

கதவுப் பூட்டுக்கான செல்போன் ஆப்பில் அவன் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பூனை செய்திருந்தான். வாசலில் யாராவது எண்ணை அழுத்தினால் பூனை கண்ணைப் பொத்திக்கொள்ளும். எண் தப்பென்றால் தலையாட்டும், சரியென்றால் துள்ளும். அந்த ஒரு துள்ளலுக்கே மூன்று வாரம் தலைகீழாக நின்றிருந்தான். இன்று தன் வீட்டுப் பூட்டோடு இணைத்துப் பார்த்தான்.

பூனை கண்ணைப் பொத்தியது. தலையாட்டியது.

“வாசல்ல யாரு?”

“மணி நாலரை. மாமா வாக்கிங் முடிச்சு வர்ற நேரம்” என்றபடி மனைவி எட்டிப் பார்த்தாள். “ஈ காக்கா இல்லைங்க.”

“அப்போ கோளாறு என் கோடிங்லதான். பூனைகூட என்னை மதிக்கலை.”

பூனை மறுபடி தலையாட்டியது. அவன் பூட்டின் பதிவைப் பார்த்தான். இரண்டு முறையும் அழுத்தப்பட்டது பழைய எண்.

“போன வாரமே சொன்னேன், நம்பரை மாத்தாதீங்கன்னு. மாமாவுக்குப் புது நம்பர் தெரியாது.”

“அப்பா செத்து நாற்பது நாளாச்சு” என்றான்.

“அதுக்காக நம்பரையா மாத்துவாங்க?”

அவன் பூட்டுக்குப் பழைய எண்ணையே திரும்ப வைத்தான்.

பூனை கண்ணைப் பொத்தியது. துள்ளியது. கதவு திறந்தது.

காலி வாசலைப் பார்த்து மனைவி கேட்டாள்: “காபி போடவா, மாமா?”