விளக்கு வைத்த பிறகு உப்பு

14-7-1958, திங்கள். விளக்கு வைத்த பிறகு அடுத்த வீட்டில் உப்புக் கேட்டது என் தவறு. அதற்காக ரத்தம் சிந்தும் என்று நான் நினைக்கவில்லை.

பனிக்கட்டியோடு உப்பைச் சேர்த்தால் குளிர் கூடும் என்று மாலை வகுப்பில் வாத்தியார் சொல்லியிருந்தார். நானும் கூடப் படிக்கும் ஒலி முகம்மதுவும் ஐஸ்கிரீம் செய்து பார்க்கத் துணிந்தோம். குற்றாலத்துச் சர்பத் கடையிலிருந்து அவன் மரத்தூளில் பொதிந்த பனிக்கட்டியைக் கொண்டுவந்தான். சாக்கில் போட்டு நொறுக்கினோம். பால் ஊற்றிய தூக்குச்சட்டியை வாளிக்குள் இறக்கி, சுற்றிலும் ஐஸைக் கொட்டித் திருப்பினேன். பால் பாலாகவே இருந்தது.

"உப்பு எங்கலே?" என்றான் ஒலி. மறந்திருந்தேன்.

அடுத்த வீட்டு ஆவுடையம்மாள் அக்கா எதற்கென்றுகூடக் கேட்காமல் ஒரு படி கல்லுப்பை என் துண்டில் கொட்டினாள். அந்த நேரம் பார்த்து அவள் கணவர் வல்லிநாயகம் அண்ணாச்சி மரக்கடையிலிருந்து வந்துவிட்டார்.

"ஏட்டி, வெளக்கு வச்ச பொறவு வீட்டு லட்சுமிய அள்ளியா குடுக்குத?"

கூந்தலைப் பிடித்து அவளை உள்ளே இழுத்தார். கதவை அறைந்து சாத்தினார்.

பாத்திரங்கள் உருண்டன. தொம் தொம் என்று அடி விழுந்தது. வழக்கமாக வளவு முழுக்கக் கேட்கும் அக்காவின் அலறல் இன்று கேட்கவில்லை. நடுவே ஒரு கரகரத்த முனகல் மட்டும்.

"ஒலி, கதவ ஒடைப்பமா? அக்கா செத்துருவாலே!"

"மரந் தூக்குத கையி அது. நம்மளயும் சேத்து நொறுக்கிருவாரு."

"நீ முன்னால போ."

"நான் எதுக்கு? நீதானலே உப்பு கேட்ட!"

இருவருமே போகவில்லை. நான் வாளி ஐஸில் உப்பைப் போட்டு, சட்டியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அடுத்த அடி விழுந்தபோது சட்டியில் பால் இறுகத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்து ஒரு கணம் மகிழ்ந்துவிட்டேன். அது என்ன புத்தியோ!

அடி நின்றது. கதவு திறந்தது. அக்கா வந்தாள். அவிழ்ந்த கூந்தல், சேலையெல்லாம் ரத்தம்.

"தம்பி, கொஞ்சம் ஐஸ் குடு."

சாக்கில் உப்புப் படாமல் மிஞ்சியதை இரண்டு கையாலும் அள்ளினேன். "எங்கக்கா அடி? உக்காருங்க, வண்டி கூட்டியாறேன்."

"எனக்கு எதுக்கு? அவுக மண்டைக்கு. வெறகுக்கட்டை பட்டுட்டு."

முந்தானையில் ஐஸை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் குறுக்க வராதது நல்லதாப் போச்சு."

நாளை: விடிந்ததும் அண்ணாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். டாக்டர் கேட்டால், வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும்.